வீடு கட்டித் தருபவருக்கு உரிமம் உண்டா? ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அறிய வேண்டியவை

பழவங்காடி (திருவனந்தபுரம்): வீட்டுக்கு மின்கம்பி இழுப்பவருக்கு அரசு உரிமம் வேண்டும். குடிநீர் இணைப்புப் பணி செய்யும் குழாய்ப் பணியாளருக்கும் உரிமம் வேண்டும். வரைபடம் தயாரித்துக் கையெழுத்திடுபவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். ஆனால், அஸ்திவாரம் தோண்டுவது முதல் வண்ணம் பூசுவது வரை முழு வீட்டையும் கட்டித் தரும் ஒப்பந்ததாரருக்குக் கேரளத்தில் அத்தகைய கட்டாய உரிமம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டிலும் தனியார் வீடு கட்டும் ஒப்பந்ததாரருக்கெனத் தனி உரிமத் தேர்வு நடத்தப்படுவதில்லை.

ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் செலவிடும் மிகப் பெரிய தொகை, பெரும்பாலும் வீடு கட்டும் ஒப்பந்ததாரரின் கைக்குத்தான் செல்கிறது. பழவங்காடி, கிழக்குக்கோட்டை, சாலை கடைத்தெரு ஆகிய பகுதிகளில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதும், மேல் தளம் எழுப்பும்போதும், புறநகரில் புதிதாக மனை வாங்கிக் கட்டும்போதும் இதே நிலையைச் சந்திக்கின்றன. உரிமம் தராத பாதுகாப்பை, எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தின் மூலம் வீட்டு உரிமையாளரே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியுள்ளது. அதற்கான வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

'லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்' என்பதன் பொருள் என்ன?

விளம்பரப் பலகைகளிலும் முகவரி அட்டைகளிலும் 'அரசு உரிமம் பெற்றவர்' என்ற சொற்கள் காணப்படுகின்றன. இவை கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்றைக் குறிக்கலாம்.

முதலாவது, பொதுப்பணித்துறை உரிமம். கேரளப் பொதுப்பணித்துறை, ஒப்பந்ததாரர்களை ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகளாகப் பதிவு செய்கிறது. இது அரசுப் பணிகளின் ஒப்பந்தப்புள்ளியில் பங்கேற்பதற்கான தகுதி. தனியார் வீடு கட்ட இது தேவையில்லை. எனினும், இந்த உரிமம் வைத்திருப்பவருக்கு ஓரளவு நிதி வலிமையும் முன் அனுபவமும் இருக்கும் என்று கருதலாம்.

இரண்டாவது, நகராட்சி விதிகளின் கீழ் வழங்கப்படும் பதிவு. கேரள நகராட்சிக் கட்டட விதிகள் 2019, கட்டடக் கலைஞர், பொறியாளர், கட்டட வடிவமைப்பாளர், மேற்பார்வையாளர் ஆகியோரைப் பதிவு செய்ய வகை செய்கிறது. வரைபடம் தயாரித்தல், அனுமதி விண்ணப்பம், பணி நிறைவுச் சான்று ஆகியவற்றில் இவர்களின் கையெழுத்து செல்லும். இப்பதிவு வைத்திருப்பவர் கட்டடத்தைக் கட்டித் தரும் ஒப்பந்ததாரராகவும் இருக்கலாம். ஆனால், கட்டும் பணிக்கு இப்பதிவு உத்தரவாதம் அளிப்பதில்லை.

மூன்றாவது, ஜிஎஸ்டி பதிவு அல்லது உள்ளாட்சி அமைப்பின் வணிக உரிமம். இவை வரி, வணிகம் தொடர்பானவை. வேலைத் திறனுடன் இவற்றுக்குத் தொடர்பில்லை.

ஆகவே, 'லைசென்ஸ் இருக்கிறது' என்று ஒருவர் கூறினால், எந்த அலுவலகம் வழங்கியது, எந்தப் பணிக்காக வழங்கியது, எந்தத் தேதி வரை செல்லும் என்ற மூன்று கேள்விகளைக் கேட்பது அவசியம்.

உண்மையில் உரிமம் கட்டாயமான பணிகள்

மின் பணி அவற்றில் முதன்மையானது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, மின் அமைப்புப் பணிகளை மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரே செய்ய வேண்டும். கேரளத்தில் இவ்வுரிமத்தைக் கேரள மாநில மின் உரிம வாரியம் வழங்குகிறது. புதிய இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது, உரிமம் பெற்றவரின் பணி நிறைவு அறிக்கையை மின்வாரியம் கேட்கும். முழு வீட்டையும் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தாலும், மின் பணியை யார் செய்கிறார், அவருடைய உரிம எண் என்ன என்பதை ஒப்பந்தத்தில் குறிப்பிடச் செய்ய வேண்டும். கேரள நீர் ஆணையத்தின் குடிநீர் இணைப்புக்கும் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர் தேவை.

பிற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் ஒப்பந்ததாரர் உரிம வாரியம் 1929 முதல் இயங்கி வருகிறது. அங்கு 2025 ஜனவரி முதல், 1,000 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட பணிகளுக்கு உரிமம் கட்டாயம். அதற்கு முன் இந்த வரம்பு 500 டாலராக இருந்தது. உரிமம் பெற்றவர் 25,000 டாலர் பிணைப் பத்திரம் வைத்திருக்க வேண்டும். வீட்டுச் சீரமைப்புப் பணிகளுக்கு முன்பணமாக ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காடு அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் பெறக்கூடாது.

சிங்கப்பூரில் கட்டுநர்களுக்கான உரிம முறை 2009-இல் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைக்கப்பட்ட கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் ஒப்பந்ததாரர்கள் பதிவு செய்ய வேண்டும். இலங்கையில் 2014-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கட்டுமானத் தொழில் அபிவிருத்தி அதிகார சபை ஒப்பந்ததாரர்களைப் பதிவு செய்கிறது.

இத்தகைய முறைகளால் வீட்டு உரிமையாளருக்குச் சில பலன்கள் கிடைக்கின்றன: ஒப்பந்ததாரரின் அடையாளமும் தகுதியும் சரிபார்க்கப்படுகின்றன; புகார் அளிக்க ஓர் அலுவலகம் இருக்கிறது; கலிஃபோர்னியாவைப் போன்ற இடங்களில் இழப்புக்கு ஒரு பிணைத்தொகையும், முன்பணத்துக்கு ஓர் உச்சவரம்பும் உள்ளன. கேரளத்தில் வீடு கட்டுபவர் இவற்றைத் தாமே திரட்டிக்கொள்ள வேண்டும்.

முதலில் சரிபார்க்க வேண்டியவை

ஒப்பந்ததாரர் தனிநபரா, கூட்டு நிறுவனமா, பதிவு பெற்ற கம்பெனியா என்பதை முதலில் அறிய வேண்டும். பின்னாளில் வழக்குத் தொடர நேர்ந்தால், யார் மீது தொடர்வது என்பது இதைப் பொறுத்தது. ஆதார் நகல், பான் எண், நிரந்தர முகவரி ஆகியவற்றைப் பெற்றுக்கொள்வது தவறான நடைமுறை ஆகாது.

ஜிஎஸ்டி எண்ணை யார் வேண்டுமானாலும் அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் சரிபார்க்கலாம். 15 எழுத்துகளும் எண்களும் கொண்ட அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடங்களில் பான் எண் இருக்கும். பதிவு நடப்பில் உள்ளதா, ரத்து செய்யப்பட்டதா என்பதும் அங்கே தெரியும்.

அவர் கட்டி முடித்த வீடுகளில் குறைந்தது மூன்றை நேரில் பார்ப்பது நல்லது. அவற்றுள் ஒன்று அண்மையில் முடிந்ததாகவும், ஒன்று மூன்று அல்லது நான்கு மழைக்காலங்களைக் கண்டதாகவும் இருக்கட்டும். புதிய வண்ணப்பூச்சு மறைக்கும் குறைகளைப் பழைய வீடு காட்டிவிடும். தளத்தின் அடிப்பகுதியில் ஈரம், குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் பூச்சு உதிர்தல், சன்னல் மூலைகளில் விரிசல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். அந்த வீட்டு உரிமையாளரிடம் இரண்டு கேள்விகள் போதும்: 'சொன்ன தொகையில் முடிந்ததா? பணம் முழுவதும் கொடுத்த பிறகு அழைத்தால் வந்தாரா?'

கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வேலையிடத்தையும் பார்க்க வேண்டும். சிமென்ட் மூட்டைகள் தரையில் படாமல் அடுக்கப்பட்டுள்ளனவா, கம்பிகள் துருவேறிக் கிடக்கின்றனவா, கான்கிரீட் நீராற்றப்படுகிறதா என்பவை, பேச்சில் தெரியாத பலவற்றைத் தெரிவிக்கும். அவர் ஒரே நேரத்தில் எத்தனை வீடுகள் கட்டுகிறார் என்பதும் முக்கியம். ஒரு வீட்டுக்கு வாங்கிய முன்பணத்தில் இன்னொரு வீட்டின் பாக்கியை அடைக்கும் நிலையில் இருப்பவரிடம் வேலை பாதியில் நிற்கும் வாய்ப்பு அதிகம்.

கூலி ஒப்பந்தமா, பொருளுடன் ஒப்பந்தமா?

வீடு கட்டும் ஒப்பந்தங்கள் பொதுவாக இரு வகைப்படும். உரிமையாளரே சிமென்ட், கம்பி, மணல், கல் ஆகியவற்றை வாங்கித் தந்து, வேலைக்கு மட்டும் கூலி பேசுவது ஒன்று. பொருள், ஆள் இரண்டையும் ஒப்பந்ததாரரே ஏற்று, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவது மற்றொன்று.

வரியைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. குடியிருப்புத் தொகுப்பின் பகுதியாக அல்லாத தனி வீட்டுக்கான முழுக் கூலி ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. பொருளுடன் கூடிய ஒப்பந்தத்துக்கு 18 விழுக்காடு வரி உண்டு. 30 லட்சம் ரூபாய் ஒப்பந்தத்தில் இது 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று பேசும்போது வரி அதில் அடங்குமா, தனியா என்பதை அப்போதே கேட்காவிட்டால், இறுதித் தவணையின்போது இத்தொகை பிரச்சினையாக எழும்.

சேவை வழங்குவோருக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். பொருளுடன் ஆண்டுக்கு ஒரு நடுத்தர வீடு கட்டுபவரே இந்த வரம்பைக் கடந்துவிடுவார். பதிவு பெறாத ஒருவர், வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்ற பெயரில் தொகை வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை. சிமென்ட் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்தைய மதிப்பீடுகளை அப்படியே காட்டும் ஒப்பந்ததாரரிடம் இதைச் சுட்டிக்காட்டலாம்.

கூலி ஒப்பந்தத்தில் பொருளின் தரம் உரிமையாளரின் கையில் இருக்கும். அதே நேரத்தில், வீணாகும் பொருளின் செலவும் அவருடையதே. நாள்தோறும் வேலையிடத்தில் இருக்க இயலாத வெளிநாடுவாழ் குடும்பங்களுக்கும் வேலைக்குச் செல்வோருக்கும் பொருளுடன் கூடிய ஒப்பந்தம் வசதியாக இருக்கும். அவர்கள், ஒப்பந்ததாரரைச் சாராத ஒரு பொறியாளரை மேற்பார்வைக்குத் தனியாக அமர்த்திக்கொள்வது செலவுக்குத் தக்க பலனைத் தரும்.

சதுர அடிக் கணக்கில் மறைந்திருக்கும் தொகை

மிகுதியான தகராறுகள் எழும் இடம் பரப்பளவுக் கணக்கு. உதாரணமாக, ஒரு குடும்பம் 1,200 சதுர அடி வீட்டுக்கு, சதுர அடி 2,000 ரூபாய் என்று பேசியதாகக் கொள்வோம். அவர்களின் கணக்கில் செலவு 24 லட்சம். ஒப்பந்ததாரரின் கணக்கில் கார் நிறுத்துமிடம் 150 சதுர அடி, முன் திண்ணை 60 சதுர அடி, மொட்டை மாடிப் படிக்கட்டு அறை 90 சதுர அடி ஆகியவையும் சேர்ந்து 1,500 சதுர அடி. தொகை 30 லட்சம். இருவரும் பொய் சொல்லவில்லை. எதை அளப்பது என்று எழுதிக்கொள்ளவில்லை என்பதே 6 லட்சம் ரூபாய் வேறுபாட்டுக்குக் காரணம்.

கார் நிறுத்துமிடம், பால்கனி, படிக்கட்டு அறை, சன்ஷேடு ஆகியவை முழு விகிதத்தில் கணக்கிடப்படுமா, பாதி விகிதமா, கணக்கில் வராதா என்பதை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். மதில் சுவர், கிணறு அல்லது ஆழ்துளைக் கிணறு, கழிவுநீர்த் தொட்டி, மழைநீர்ச் சேமிப்பு, தண்ணீர்த் தொட்டி, கேட், சமையலறை அலமாரிகள், மண் நிரப்புதல் ஆகியவை பல ஒப்பந்தங்களில் சதுர அடி விலைக்குள் வருவதில்லை. 'அடங்காதவை' என்று தனிப் பட்டியல் கேட்டால், உண்மையான மொத்தச் செலவு கையெழுத்திடும் முன்பே தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டியவை

வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். ஆனால், அதை நிரூபிப்பது கடினம். முத்திரைத் தாளில் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட்டு, வரைபடத்தையும் பொருள் பட்டியலையும் இணைப்பாகச் சேர்ப்பதே முறை.

பொருள்: 'முதல் தரமான சிமென்ட், நல்ல கம்பி' என்ற சொற்களுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. நிறுவனப் பெயர், வகை, ஐஎஸ்ஐ தர எண் ஆகியவை வேண்டும். டைல்ஸ், குளியலறைக் கருவிகள், மின் சுவிட்சுகள் ஆகியவற்றுக்குச் சதுர அடிக்கு அல்லது ஓர் எண்ணிக்கைக்கு எவ்வளவு ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது என்று குறிப்பிட வேண்டும். கதவு, சன்னல்களுக்கு எந்த மரம் என்பதும் தேவை.

கான்கிரீட்: இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 456, இரும்புக் கம்பியுடன் கூடிய கான்கிரீட்டுக்கு எம்20 என்ற தரத்தைக் குறைந்தபட்சமாக வைத்துள்ளது. கடற்கரைச் சூழலுக்கு நேரடியாக ஆட்படும் கட்டடங்களுக்கு எம்30 வரை தேவைப்படும். சங்குமுகம், வலியதுறை போன்ற கடலோரப் பகுதிகளில் கட்டுவோர் இதைப் பொறியாளரிடம் கேட்டறிய வேண்டும். சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், சாம்பல் கலந்த சிமென்ட் வகைகளுக்குக் குறைந்தது 10 நாட்களும் நீராற்ற வேண்டும் என்கிறது அதே தரநிர்ணயம். சந்தையில் இன்று கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த வகை. சாதாரண சிமென்ட் தளங்களுக்கு 4.5 மீட்டர் வரையிலான அகலத்தில் முட்டுகளை 7 நாட்களுக்கு முன்பும், அதற்கு மேற்பட்டால் 14 நாட்களுக்கு முன்பும் எடுக்கக் கூடாது. சென்ட்ரிங் பலகை வாடகையை மிச்சப்படுத்த முட்டுகளை முன்னதாக எடுப்பது வேலையிடங்களில் நடக்கக்கூடியதே என்பதால், இதை ஒப்பந்தத்தில் எழுதுவது நல்லது. தளம் போடும் நாளில் கான்கிரீட் கட்டிகள் எடுத்து, 28-ஆம் நாள் வலிமையை ஆய்வகத்தில் சோதிக்கலாம்.

காலம்: தொடங்கும் தேதி, முடியும் தேதி, இடைக்கட்டங்கள் ஆகியவை வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டையும் பெறும் மாவட்டம் இது. மழைக்காக எத்தனை நாட்கள் கூடுதலாக அனுமதிக்கப்படும் என்று எண்ணால் எழுதினால், 'மழையால் தாமதம்' என்ற பதிலுக்கு வரம்பு கிடைக்கும். தாமதத்துக்கு வாரத்துக்கு இவ்வளவு என இழப்பீடு குறிப்பிடலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74-ஆம் பிரிவின்படி, எழுதப்பட்ட தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீட்டை நீதிமன்றம் வழங்கும். வீட்டு வாடகையை ஒட்டிய தொகையாக இருந்தால் அது ஏற்கப்படும் வாய்ப்பு அதிகம்.

கூடுதல் வேலை: 'ஒரு சுவரை நகர்த்துங்கள்' என்று சொல்லப்படும் ஒவ்வொரு மாற்றமும் செலவாகும். எழுத்தில் விலை ஒப்புக்கொள்ளாமல் செய்யும் கூடுதல் வேலைக்குப் பணம் இல்லை என்ற விதி இருவரையும் காக்கும். வாட்ஸ்ஆப் செய்தியும் எழுத்தே. பொருள் விலை உயர்ந்தால் யார் ஏற்பது என்பதையும் இங்கேயே தீர்மானிக்க வேண்டும்.

ஏற்றி இறக்கும் கூலி: கேரளத்தில் பொருள் இறக்குவதற்கான கூலி தனிச் செலவாகும். இது யாருடையது என்று எழுத வேண்டும். வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்குக் கேட்கப்படும் 'நோக்குகூலி' 2018 மே 1 முதல் மாநிலத்தில் தடை செய்யப்பட்டுள்ளது.

தொழிலாளர் பாதுகாப்பு: வேலையிடத்தில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு யாருடைய பொறுப்பு என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் அதன் நகலைப் பெறலாம். கட்டடத் தொழிலாளர் நல வரியாகக் கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு செலுத்தும் கடமையும் உண்டு. சொந்தக் குடியிருப்புக்கு 10 லட்சம் ரூபாய் வரை 1996-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளித்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவ்வரம்பை 50 லட்சமாக வைத்துள்ளது.

குறை நீக்கக் காலம்: அடுக்குமாடி வீடு வாங்குபவருக்கு, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் 2016, கட்டமைப்புக் குறைகளுக்கு 5 ஆண்டு பொறுப்பை விற்பவர் மீது சுமத்துகிறது. சொந்த மனையில் ஒப்பந்ததாரரைக் கொண்டு கட்டுபவருக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. எனவே, கட்டமைப்புக்கு 5 ஆண்டு, நீர்க்கசிவுக்கு இத்தனை ஆண்டு என ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெற வேண்டும்.

மொழி: ஒப்பந்தம் குறிப்பிட்ட மொழியில்தான் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டம் கூறவில்லை. இங்கு பெரும்பாலும் மலையாளத்தில் தயாரிக்கப்படுகிறது. மலையாளம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத தமிழர்கள் பலர் உள்ளனர். தமிழில் ஒரு பிரதி கேட்பதும், நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு வரி வரியாகப் படிக்கச் செய்வதும் அவசியம்.

பணத்தை எப்போது, எப்படிக் கொடுப்பது?

பணம் வேலைக்குப் பின்னால் செல்ல வேண்டும். முடிந்த வேலையின் மதிப்பைவிடக் கொடுத்த தொகை அதிகமாகும் நாளில் உரிமையாளரின் பேரம் பேசும் வலிமை போய்விடுகிறது. ஒரு மாதிரித் தவணை முறை பின்வருமாறு:

- முன்பணம்: 5 விழுக்காடு
- அஸ்திவாரமும் பேஸ்மென்ட்டும் முடிந்ததும்: 15
- சுவர் லிண்டல் மட்டத்தைத் தாண்டியதும்: 20
- மேல்தளக் கான்கிரீட் முடிந்ததும்: 20
- பூச்சு, மின் குழாய், தண்ணீர்க் குழாய்: 15
- தரை, கதவு, சன்னல்: 10
- வண்ணம், இறுதிப் பணிகள், சாவி ஒப்படைப்பு: 10
- ஒரு மழைக்காலம் கடந்த பின்: 5

கடைசி 5 விழுக்காட்டை நிறுத்தி வைக்கும் நிபந்தனையைப் பல ஒப்பந்ததாரர்கள் தொடக்கத்தில் மறுப்பர். அரசுப் பணிகளில் இத்தகைய பிடித்தம் வழக்கமானதே என்பதை அவர்களும் அறிவர். வீட்டுக் கடன் பெறுவோர், வங்கி தொகை விடுவிக்கும் கட்டங்களோடு இத்தவணைகளைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

வங்கி வழியாகவே பணம் செலுத்துவது பாதுகாப்பானது. ஒரு பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. ஒரே நிதியாண்டில் ஓர் ஒப்பந்ததாரருக்கு 50 லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுக்கும் தனிநபர், சொந்த வீட்டுக்காக இருந்தாலும், 2 விழுக்காடு வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். இவ்விகிதம் 2024 அக்டோபர் 1-க்கு முன் 5 விழுக்காடாக இருந்தது.

அனுமதியும் பொறுப்பும்

கேரளத்தின் மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் 2024 ஜனவரி 1 முதல் கே-ஸ்மார்ட் இணையதளம் வழியாகக் கட்டட அனுமதி வழங்கப்படுகிறது. 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட, குறைந்த ஆபத்துடைய வீடுகளுக்கு, உரிமையாளரும் பதிவுபெற்ற வல்லுநரும் தரும் சுய உறுதிமொழியின் பேரில் விரைந்து அனுமதி கிடைக்கிறது. தமிழ்நாட்டிலும் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறை 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது.

விரைவான அனுமதிக்கு ஒரு விலை உண்டு. விதியை மீறினால், உறுதிமொழியில் கையெழுத்திட்டவர்களே பதில் சொல்ல வேண்டும். ஒப்பந்ததாரர் 'அரை அடி தள்ளிக் கட்டினால் ஒன்றும் ஆகாது' என்று சொல்லிக் கட்டினாலும், குடியிருப்புச் சான்றும் கதவு எண்ணும் கிடைக்காமல் நிற்பவர் உரிமையாளர்தான். அனுமதி பெற்ற வரைபடத்திலிருந்து விலகினால் சரிசெய்யும் செலவு ஒப்பந்ததாரருடையது என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பழவங்காடி, கோட்டைப் பகுதிகளில் கூடுதல் கவனம் தேவை. பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிய பகுதி பாரம்பரியச் சிறப்புடையது. இங்கு கட்டுமுன், கலை மற்றும் பாரம்பரிய ஆணையத்தின் அனுமதி தேவைப்படுமா என்று மாநகராட்சியில் கேட்டறிய வேண்டும். தம்பானூர், கிழக்குக்கோட்டை உள்ளிட்ட தாழ்வான இடங்கள் பெருமழையில் நீர் சூழ்பவை. வடிகால்களை மீட்க 2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற திட்டம் தொடங்கப்பட்டதும் இதனால்தான். சாலை மட்டத்திலிருந்து வீட்டின் தரை மட்டம் எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்பதை வரைபடத்தில் எண்ணால் குறிப்பிட வேண்டும். ஒட்டி நிற்கும் பழைய வீடுகள் இருந்தால், இடிக்கும் முன் அண்டை வீட்டுச் சுவர்களின் நிலையைத் தேதியுடன் படமெடுத்து வைப்பது பின்னாளைய வழக்கைத் தவிர்க்கும்.

ஒப்பந்ததாரர் இன்றிக் கட்ட முடியுமா?

இந்நகரில் அதற்கு முன்னுதாரணம் உண்டு. இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், ஒப்பந்ததாரர் முறையைத் தவிர்த்து, கொத்தனார்களோடு நேரடியாக வேலையிடத்தில் நின்று வீடுகள் கட்டினார். அவரும் முன்னாள் முதல்வர் சி. அச்சுத மேனனும் உள்ளிட்டோர் 1985-இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பு, செலவு குறைந்த கட்டுமானத்தை முன்னெடுத்து வருகிறது. நாள்தோறும் நேரம் ஒதுக்க இயன்றவருக்கு இம்முறை பொருந்தும். ஆனால், தொழிலாளர் தொடர்பான சட்டக் கடமைகள் அப்போது நேரடியாக உரிமையாளர் மீது விழும்.

தகராறு எழுந்தால் எங்கே செல்வது?

நுகர்வோர் ஆணையமே முதன்மையான வழி. 'வீட்டுக் கட்டுமானம்' என்பது சேவை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வரையறுக்கிறது. லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் 1993-இலேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. நில உரிமையாளர் தம் மனையில் பிறரைக் கொண்டு கட்டும்போதும் அவர் நுகர்வோரே என்று ஃபகீர் சந்த் குலாத்தி வழக்கில் 2008-இல் தீர்ப்பளித்தது.

செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். திருவனந்தபுரம் மாவட்ட ஆணையம் வழுதக்காட்டில் உள்ளது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 20 முதல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். ஆணையத்தின் உத்தரவை நிறைவேற்றாதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க 72-ஆம் பிரிவு வகை செய்கிறது.

இத்தகைய வழக்குகளில், ஆணையம் நியமிக்கும் வல்லுநரின் ஆய்வறிக்கை பெரும் பங்கு வகிக்கும். வல்லுநர் ஒப்பிட்டுப் பார்க்க எழுதப்பட்ட ஒப்பந்தமும் வரைபடமும் வேண்டும். கட்டம்தோறும் தேதியுடன் எடுத்த படங்கள், ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், குறையைச் சுட்டி அனுப்பிய பதிவுத் தபால் ஆகியவை புகாரின் முதுகெலும்பு. பாதியில் நின்ற வேலையை வேறொருவரைக் கொண்டு முடிக்கும் முன், நின்ற நிலையை ஒரு பொறியாளரைக் கொண்டு அளந்து பதிவு செய்துவிட வேண்டும். இல்லையெனில், யார் எவ்வளவு கட்டினார் என்பதை நிறுவ இயலாமல் போகும்.

காவல்துறையை அணுகலாமா என்ற கேள்வியும் எழுகிறது. ஒப்பந்தத்தை மீறியது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகாது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. பணம் வாங்கிக்கொண்டு வேலையே தொடங்காமல் பலரிடம் அவ்வாறே செய்தவர் மீது புகார் அளிக்க இடமுண்டு. மற்றவற்றுக்கு நுகர்வோர் ஆணையமோ உரிமையியல் நீதிமன்றமோ உரிய இடம்.

கையெழுத்திடும் முன் ஒருமுறை

- ஒப்பந்ததாரரின் அடையாளம், பான், ஜிஎஸ்டி எண் சரிபார்க்கப்பட்டனவா?
- மழைக்காலம் கண்ட பழைய வீடு ஒன்று நேரில் பார்க்கப்பட்டதா?
- எந்தப் பரப்பு அளக்கப்படும், எவை விலையில் அடங்காதவை என்ற பட்டியல் உள்ளதா?
- மொத்தத் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்துள்ளதா?
- ஒவ்வொரு தவணையும் முடிந்த வேலையோடு இணைக்கப்பட்டுள்ளதா?
- குறை நீக்கக் காலமும் நிறுத்திவைப்புத் தொகையும் எழுதப்பட்டுள்ளனவா?
- மின் பணி செய்பவரின் உரிம எண் குறிப்பிடப்பட்டுள்ளதா?
- ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் புரிந்த மொழியில் படிக்கப்பட்டதா?

இவற்றுள் எதற்கேனும் 'இல்லை' என்பது விடையானால், முன்பணம் ஒரு வாரம் காத்திருக்கலாம். இக்கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தரத் தயங்காத ஒப்பந்ததாரர்கள் இந்நகரில் இருக்கிறார்கள். கேட்பவருக்கே அவர்களை அடையாளம் காண முடியும்.